தலை நனைந்தால் பன்னிரண்டு

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்றாம் தேதி. ஊரெல்லாம் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது நான் செம்பாறைக் குளத்து மதகுச் சுவரில் ஏணி போட்டு, கையில் கறுப்பு எனாமலோடு நின்றிருந்தேன். ஒர்க் இன்ஸ்பெக்டர் கலாமணியான எனக்கு அரசாங்கம் கொடுத்த புத்தாண்டுப் பரிசு.

விஷயம் இதுதான். ஜூனில் குளக்கரையைப் பலப்படுத்தும் வேலை தொடங்குகிறது. கூடவே ஒரு சின்னப் படகுத்துறை. பெரிய அதிகாரிகள் வரப்போகிறார்கள். மதகுச் சுவரில் நீர்மட்டம் பார்க்க எழுதிய அடிக்கணக்கு உரிந்துபோய், எட்டு மூன்றாகத் தெரிகிறது. பெயிண்டர்களோ மொத்தமாகத் தேர்தல் சுவர் எழுத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிச் சொல்லியே என் ரத்தக் கொதிப்பை ஏற்றினார்கள். போங்கடா என்று நானே இறங்கிவிட்டேன். குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்ததால் சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது.

கம்பி பிரஷ் போட்டுப் பழையதைச் சுத்தமாகச் சுரண்டினேன். அடிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு எண்ணும் அரை அடி உயரம். சும்மா சொல்லக் கூடாது, அச்சு மாதிரி வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து கையெழுத்துப் போட்டியில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. எண் என்றால் கோட்டின் மேல் உட்கார வேண்டும். பழைய பெயிண்டர் எவனோ கோட்டுக்குக் கீழே எழுதி வைத்திருந்தான், பார்க்கவே கண்றாவி.

நஞ்சப்பண்ணன் வந்து பார்த்தார். குளத்து ஷட்டரை ஏற்றி இறக்குவதும் தினம் நீர்மட்டம் பார்ப்பதும் அவர் வேலை. எங்கள் துறையில் அந்த வேலைக்கு இன்னும் லஸ்கர் என்றுதான் பெயர். ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எண்ணெல்லாம் உக்காந்துட்டுதுங் அம்மிணி. முன்ன தொங்கீட்டு இருந்துச்சுங்.”

“இத்தன வருசம் தொங்குனதுக்குக் கை வலிச்சிருக்கும். உக்காரட்டும் விடுங்கண்ணா.”

சிரித்தார். பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மனிதருக்கு ரசனை உண்டு.

ஜூன் 12, புதன்

வேலை தொடங்கியது. அனுமதிக் கடிதத்தில் பதினான்கு நிபந்தனைகள். குளத்துக்குள் கான்கிரீட் கொட்டக் கூடாது. பறவை கூடு கட்டும் மாதத்தில் சத்தம் கூடாது. கரைச்சரிவில் கல் பதித்து, அதன்மேல் தென்னைநார் விரித்து, வெட்டிவேர்தான் நட வேண்டும். எல்லா அளவும் பன்னிரண்டு அடியிலிருந்து. அதுதான் குளத்தின் முழு மட்டம். அதைத் தாண்டித் தண்ணீரை நிறுத்தக் கூடாது. வெட்டிவேரின் முதல் வரிசை பன்னிரண்டு அடியில். படகுத்துறைப் பலகை பன்னிரண்டரையில், அதற்கு மேல் போனால் பெடல் படகிலிருந்து குழந்தைகளால் ஏற முடியாது.

உதவிப் பொறியாளர், ஏ.இ. கோகுல்நாத் சார் கோயில் படியில் உயரம் குறித்திருக்கும் மட்டக்கல்லிலிருந்து கருவி வைத்து அவர் கையாலேயே லெவல் எடுத்துக் கொடுத்தார். இருபத்தொன்பது வயது. வெயிலில் முகம் தக்காளியாகிவிட்டது. ஆனாலும் நிழலுக்குப் போகவில்லை. உருப்படுவார்.

காலை ஆறு மணிக்கு நஞ்சப்பண்ணன் போன். “அம்மிணி, மூணு தலை நனைஞ்சு ரெண்டு விரலுங்.” எண்ணின் தலையைத் தண்ணீர் தொட்டால் அந்த அடி. இருபத்தாறு வருடமாக இதே வாசகம். யாரோ குளத்தில் இறங்கிக் குளிக்கிற மாதிரி சொல்வார். நான் படுக்கையிலிருந்தே ரெஜிஸ்டரில் எழுதிவிடுவேன்: 3 அடி 2 அங்குலம். இவர் திரும்பிப் படுத்துக்கொண்டே, “யாருக்குத் தலைக்கு ஊத்தறாங்க?” என்கிறார். வீட்டுக்காரருக்குக் கிண்டல் ஜாஸ்தியாகிவிட்டது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

படகுத்துறைக்குப் பலகை அடித்தாகிவிட்டது. இரும்புத் தூண், இரும்புக் கைப்பிடி, நடுவில் தேக்கு நிறப் பலகை. இன்றைக்கு எலக்ட்ரீசியன் குப்புராஜ் வந்தார். விளக்குக்கான வயர் பலகைக்கு அடியில் போகிறது. ஒரு இணைப்பு சரியாகப் பலகைக்கு மூன்று அங்குலம் கீழே. அதாவது முழு மட்டத்துக்கு மூன்று அங்குலம் மேலே.

குப்புராஜ் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அவரைக் கண்டதில்லை. டீக்கடை பெஞ்சு இரும்பாக இருந்தால் அதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

“மேடம், கரெண்ட் கசிஞ்சா அதுவா ஆஃப் ஆகற ட்ரிப்பர் இந்த எஸ்டிமேட்ல இல்லீங்களே?”

“மேலிடத்துல அதை அடிச்சுட்டாங்க. அடுத்த எஸ்டிமேட்ல தர்றாங்களாம்.”

“அப்ப இந்த ஜாயிண்ட்டுக்குத் தண்ணி வராதுங்களா?”

“வராது.”

“மழை பெருசா வந்தாலுங்?”

“குப்புராஜ், பன்னெண்டுக்கு மேல ஒரு இஞ்சு ஏறாது. ஏற விட மாட்டோம். நான் பொறுப்பு, போதுமா?”

போதும் என்றார். பாக்கெட் நோட்டில் என்னமோ குறித்துக்கொண்டார். மூன்று அடுக்கு டேப் சுற்றினார். சாயங்காலம் அரிசிம்பருப்பு சாதம். நெய் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 17, வியாழன்

நல்ல மழை. ஷட்டரை இறக்கியாயிற்று. “ஒம்பது தலை நனைஞ்சிருச்சுங்!” என்றார் நஞ்சப்பண்ணன், பேரன் பிறந்த குரலில்.

அக்டோபர் 28, திங்கள்

வெட்டிவேர் முதல் வரிசை முழங்கால் தண்ணீரில் நிற்பதுபோல் நிற்கிறது. ரெஜிஸ்டரில் இன்று 11 அடி 10 அங்குலம். பன்னிரண்டில் நட்ட வேர் எப்படி முழுகும்? மேஸ்திரி செல்லமுத்துவைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டேன்.

“நூல் கட்டித்தானுங் நட்டோம். தண்ணிதான் ஏறிக் கெடக்குதுங்.”

“ரெஜிஸ்டர் பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களா?”

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். சோம்பேறிகள். கரைச்சரிவில் ஏறி நட முடியாமல் கீழேயே சொருகியிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் அனுப்பினேன், அவர்கள் செலவில் திருப்பி நடச் சொல்லி.

நவம்பர் 6, புதன்

நாளைக்குத் திறப்பு விழா. குளம் நிறைந்திருந்தால்தான் படம் நன்றாக வரும் என்று பன்னிரண்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம். காலையில் நஞ்சப்பண்ணன் சொன்னது: “பன்னெண்டு, தலை நனைஞ்சு மட்டமுங்.”

ஏ.இ. சார் படகுத்துறையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். தண்ணீர் பலகையின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரை அடி இடைவெளி இருக்க வேண்டிய இடம்.

“தூண் இறங்கிருச்சு சார்” என்றேன். “அடியில சேறு. ஒப்பந்தக்காரர் ஆழமா ஊனல.”

“இன்னிக்கு லெவல் என்ன மேடம்?”

“பன்னெண்டு.”

“கருவி வெச்சு ஒருதடவை பாத்துரலாமா?”

“விழா முடியட்டும் சார். இப்பப் போய் ஏணியும் முக்காலியுமா வேண்டாம்.”

சரி என்றார். அவர் என் பேச்சைத் தட்டுவதில்லை.

நவம்பர் 7, வியாழன்

விழா முடிந்தது. விளக்குகள் எரிந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை. மஞ்சள். எனக்கு மஞ்சள் ஆகாது.

நவம்பர் 9, சனி

ஆறு மணிக்குப் போன் வரவில்லை.

ஆறேகாலுக்கு நானே அடித்தேன். யாரோ வாக்கிங் போகிறவர் எடுத்தார். யாருங்க என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவர் சொன்னதை இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன்.

படகுத்துறைப் படியில் ஆகாயத்தாமரை சேர்ந்திருந்ததாம். நஞ்சப்பண்ணன் இடுப்புத் தண்ணீரில் இறங்கி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். ஏறி வர இரும்புக் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார், அதில் கரெண்ட். விளக்குகள் ஆறரைக்குத்தான் அணையும். பிடித்தபடியே நின்றிருக்கிறார், நடந்து போனவர்கள் இளைப்பாறுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

என்னால் எழுத முடியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று அடக்கம் முடிந்தது. நான் நேற்று அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. யார் பேசினாலும் உதடு அசைவதுதான் தெரிகிறது.

அவர் மனைவி பாவாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று.

“காத்தால உங்களுக்குப் போன் பண்ணுனாருங்களா அம்மிணி?”

“இல்லீங்க்கா.”

“உங்ககிட்டப் பேசிப்போட்டுத்தான் டீ குடிப்பாரு. அப்ப டீயும் குடிக்கல.”

சாயங்காலம் ரெஜிஸ்டரைத் திறந்தேன். ஒன்பதாம் தேதிக் கட்டம் காலியாக இருந்தது. இந்த ரெஜிஸ்டரில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு, இடையில் மழை இல்லை. பன்னிரண்டு என்று எழுதினேன். இன்றைக்கும் அப்படியே. என் எழுத்து நடுங்கவில்லை. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

குப்புராஜைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது.

அந்த இணைப்பிலிருந்துதான் கரண்ட் கசிந்திருக்கிறது என்று மின்சாரப் பரிசோதகர் எழுதிவிட்டார். இணைப்பு இருப்பது பன்னிரண்டேகால் அடியில். ரெஜிஸ்டர்படி தண்ணீர் பன்னிரண்டில். அப்படியென்றால் இணைப்பு நனையவே இல்லை. நனையாமல் கசிந்தால் அது வேலை செய்தவன் தப்பு. கணக்கு இரண்டே வரியில் முடிந்துவிட்டது. ரெஜிஸ்டர் நகலில் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்.

குப்புராஜ் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. டீக்கடை பெஞ்சையெல்லாம் தொட்டுப் பார்க்கத் தெரிகிறது. ஒரு டேப்பை ஒழுங்காகச் சுற்றத் தெரியவில்லை. படுபாவி. இருபத்தாறு வருடம் அந்தத் தண்ணீரில் நின்ற மனிதரை இரண்டே நாளில் கொன்றுவிட்டான்.

விசாரணைக் குழு வரும்வரை ஷட்டரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. இன்றைய கட்டத்திலும் நானே பன்னிரண்டு என்று போட்டுவிட்டேன். நாளையிலிருந்து வேறொரு குளத்து லஸ்கர் திருமூர்த்தி இங்கே பார்ப்பார்.

நவம்பர் 12, செவ்வாய்

காலை ஆறு மணி. போன் மணி அடித்ததும் நஞ்சப்பண்ணன் என்று நினைத்துவிட்டேன். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“வணக்கம் மேடம், திருமூர்த்திங்க. பன்னெண்டரைங்க.”

“என்னது?”

“பன்னெண்டரை அடிங்க.”

“கண்ணைத் தொறந்து பாருங்க. மழை ஒரு சொட்டு இல்ல, ஷட்டர் மூடிக் கெடக்குது, எங்கிருந்து வருது அரை அடி?”

“நான் பாத்துட்டுத்தானுங்க சொல்றேன். படம் அனுப்பட்டுங்களா?”

அனுப்பினார். பன்னிரண்டு என்ற எண் வெளியே இல்லை. அது தண்ணீருக்குள் இருந்தது. அதன் தலை மட்டும் தண்ணீரின் மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதே நாள், மதியம்

கையெழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை. எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மதகுச் சுவர் மேல் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீருக்குள் என் பன்னிரண்டு, நான் எழுதிய பன்னிரண்டு, அதன் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. கோடு அரை அடி ஆழத்தில் கிடந்தது. பன்னிரண்டு அடி என்பது அந்தக் கோடு. தண்ணீரோ எண்ணின் தலையில்.

பழைய சுவரில் எண்கள் கோட்டுக்குக் கீழே தொங்கின. எண்ணின் தலையும் கோடும் ஒரே இடம். தலை நனைந்தால் அந்த அடி. இருபத்தாறு வருடமும் அது சரி. நான் எண்களைத் தூக்கிக் கோட்டின் மேல் உட்கார வைத்தேன். நஞ்சப்பண்ணன் எப்போதும் போலத் தலையையே பார்த்தார். தலை அரை அடி மேலே போய்விட்டது. அவர் பன்னிரண்டு என்று சொன்னபோதெல்லாம் குளத்தில் பன்னிரண்டரை இருந்தது.

வெட்டிவேர் சரியான இடத்தில்தான் நட்டிருந்தது. தூண் இறங்கவில்லை. குப்புராஜின் இணைப்பு விழாவுக்கு முன்பிருந்தே தண்ணீருக்குள் மூன்று அங்குலம் மூழ்கிக் கிடந்திருக்கிறது.

ஐயோ.

“மேடம், தண்ணி குடிக்கறீங்களா?” என்று திருமூர்த்தி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சுவரின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.  

நவம்பர் 13, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

மாவு ஆட்டினேன். பழைய புடவைகளை மடித்து வைத்தேன். அலுவலகத்தில் ஏழு கடிதங்கள் அனுப்பினேன்.

யோசித்துப் பார்த்தால் ட்ரிப்பரை அடித்தது மேலிடம். அது இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அது ஒன்று. தண்ணீருக்குள் இறங்கும்போது விளக்கை அணைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது இன்னொன்று. இந்த நஞ்சப்பண்ணனாவது ‘அம்மிணி, நான் தலையைப் பாத்துத்தான் சொல்றேன், எண்ணு இடம் மாறிருச்சு’ என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இப்படி எழுதிவிட்டு ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினேன்.

சொல்லியிருக்கிறார். உட்கார்ந்துவிட்டது, முன்பு தொங்கிக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் ஜோக் அடித்திருக்கிறேன். அதை எழுதியும் வைத்திருக்கிறேன்.

இவர் இரண்டு தரம் கேட்டார், என்னாச்சு என்று. தலைவலி என்றேன். “ரெண்டு நாளாவா?” என்றார்.

நவம்பர் 14, வியாழன்

குப்புராஜின் மனைவி சுகுணா அலுவலகத்துக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. அவர் பாக்கெட் நோட்டை மேஜைமேல் வைத்தாள். ஆகஸ்ட் 23, பென்சிலில்: ‘12க்கு மேல் ஏறாது. மேடம் பொறுப்பு.’

“வக்கீல் இதக் காட்டச் சொன்னாருங்க. எங்கூட்டுக்காரருதான் வேண்டாங்கறாரு. ஜெயில்ல போய்ப் பாத்தனுங். மேடத்துகிட்ட ரெண்டு தடவ கேட்டேன், அவங்க கணக்கு தப்பாது, அப்ப தப்பு என்ற டேப்புலதான் இருக்கோணும்கறாரு. மூணு சுத்து சுத்துனனா ரெண்டு சுத்து சுத்துனனான்னு நெனச்சு நெனச்சுச் சோறே எறங்க மாட்டேங்குதுங் அவருக்கு.”

நோட்டை எடுத்து அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.

“மேடம், நீங்களே சொல்லுங். மூணு சுத்துனாருங்களா? நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்.”

“மூணு” என்றேன். “நான் பாத்தேன். மூணு.”

அதைக் கேட்டதும்தான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத அவருகிட்டச் சொல்றனுங், இன்னிக்காவது தூங்குவாரு” என்று கும்பிட்டாள். என்னை. என்னைக் கும்பிட்டாள்.

அவள் போனபிறகு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஆறு நாளாக வராத அழுகை அங்கேதான் வந்தது.

நவம்பர் 16, சனி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். பலகைக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று தண்ணீரை இரண்டடி இறக்க உத்தரவு. ஷட்டரைத் தூக்கிவிட்டோம்.

ஏ.இ. சார் கூப்பிட்டார். பாவம், கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது.

“மேடம், மதகுச் சுவர்ல பாசி பிடிச்சு மங்கலாத் தெரியுது. தண்ணி இறங்குனதும் தேய்ச்சுட்டு ஒரு கோட் அடிச்சுருங்க. அவரு அதைத்தான் முதல்ல பாப்பாரு. உங்க எழுத்துன்னா நல்லாருக்கும்.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர் சொன்னது பாசியைப் பற்றி.

சரி சார் என்றேன்.

ஒரு மணி நேர வேலை. எண்களைச் சுரண்டிவிட்டுப் பழையபடி கோட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் போதும். ரெஜிஸ்டர் சரியாகிவிடும். பன்னிரண்டு பன்னிரண்டாகிவிடும். தூண் இறங்கியது என்று நான் சொன்னதும் சரியாகிவிடும். திருமூர்த்தியின் படம்? புதுசாக வந்தவர், தப்பாகப் பார்த்துவிட்டார் என்றால் முடிந்தது. அவரே அழித்துவிடுவார், நல்ல மனிதர். இத்தனையும் நான் யோசித்தேன். அலுவலகத்திலிருந்து வீடு வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். 

நவம்பர் 17, ஞாயிறு

ஏப்ரலில் வாங்கிய அதே டப்பா. மூடி இறுகிப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது, அடியில் நன்றாகத்தான் இருந்தது.

ஏணி போட்டேன். தண்ணீர் இறங்கிச் சுவர் வெளியே தெரிந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அழகாகத்தான் எழுதியிருக்கிறேன். கம்பி பிரஷைப் பன்னிரண்டின் மேல் வைத்தேன்.

படகுத்துறைப் பக்கம் யாரோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். பாவாத்தாள். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு. ஒன்பதாம் நாள். மூடியைத் திறந்து, அவர் கடைசியாக நின்ற படியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். டீ. வாசனை மதகு வரைக்கும் வந்தது.

என்னைப் பார்த்துவிட்டாள். கரையோரமாக நடந்து ஏணிக்குக் கீழே வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கெழமையும் வேலைங்களா அம்மிணி? இந்த எண்ணு எழுதுன அன்னிக்கு வூட்டுக்கு வந்து ஒரே பேச்சுங். அம்மிணி என்னமா எழுதுது, படிக்காதவனுக்குக்கூட பளிச்சுன்னு தெரியுதுன்னாரு. இனி கண்ணாடி இல்லாமயே தலை தெரியும்னாரு.”

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். முழுவதும். கோடு, எண், தலை, அரை அடி. குச்சியால் மண்ணில் வரைந்துகூடக் காட்டினேன். அவள் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப அவரு சரியாத்தான் பாத்தாருங்களா?”

“சரியாத்தான் பாத்தாருங்க்கா. எழுதுனவதான் மாத்திட்டேன்.”

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அந்தக் கரெண்டுக்காரரு சம்சாரத்துக்குச் சொல்லீட்டீங்களா?”

“இல்ல.”

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுதுங்?” என்றாள். போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திருமூர்த்தியைக் கூப்பிட்டு டேப் பிடிக்கச் சொன்னேன். கோட்டிலிருந்து தலை வரை ஆறு அங்குலம். அவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். டப்பாவை மூடிவிட்டேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

“வேலை போயிருமா?”

“போகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்.”

 தட்டை என் பக்கம் நகர்த்தி, “சாப்ட்டுட்டு எழுது” என்றார்.

கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஆனால் கடிதத்தை யார் நம்புவார்கள்? நஞ்சப்பண்ணன் தலையைப் பார்த்துத்தான் அளந்தார் என்பதற்குச் சாட்சி அவரும் நானும். அவர் இல்லை. இனி இருப்பது இந்த நோட்டுதான். தினம் அவர் போனில் சொன்னதை வேடிக்கை என்று எழுதி வைத்தேனே, அது. நோட்டைக் கொடுத்தால் எல்லோரையும் பற்றி நான் எழுதிய எல்லாமும் வெளியே வரும். செல்லமுத்துவைச் சோம்பேறி என்றது, குப்புராஜைப் படுபாவி என்றது. போகட்டும்.

ஏப்ரல் பக்கம் ஒன்றுதான் இடிக்கிறது. அது இல்லாவிட்டால் நான் தெரியாமல் செய்தவள். அது இருந்தால் அவர் சொல்லியும் கேட்காதவள். நடுவில் தைத்த நோட்டு, ஒரு தாளை உருவினால் தெரியாது. விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு தரம்.

நவம்பர் 18, திங்கள்

காலை ஆறு மணி. இன்று நானே போய்ப் பார்த்தேன். பத்து தலை நனைந்திருந்தது. நஞ்சப்பண்ணன் கணக்கில் பத்து. சுவரில் பத்தரை. ரெஜிஸ்டரில் பத்தரை என்று எழுதினேன். ஒன்பது, பத்து, பதினொன்றாம் தேதிக் கட்டங்களில் நான் போட்டிருந்த பன்னிரண்டை அடித்துவிட்டு, ‘அன்று யாரும் அளக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சுகுணாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.  “அப்ப மூணு சுத்தும் சரிங்களா?” என்று மட்டும் கேட்டாள். சரி என்றேன்.

பத்து மணிக்கு விசாரணை. நோட்டைக் கொடுத்துவிடுகிறேன். ஏப்ரல் பக்கம் அதிலேயே இருக்கிறது.